ஸ்பீக்கர் பெட்டிக்கு வேறு நிறம்: சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டிலேயே செய்யும் முறை

பழைய ஸ்பீக்கருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்ற கேள்வியோடுதான் பலரும் இந்த வேலையைத் தொடங்குகிறார்கள். கேரோசல் இணையச் சந்தையில் வாங்கிய கறுப்பு ஜோடி புது அலமாரியோடு ஒட்டவில்லை, வெள்ளையாக்கலாமா, வால்நட் ஆக்கலாமா என்று பேச்சு போகும். நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பெட்டியின் மேல்தோல் என்னவென்று தெரிந்தால்தான் எது ஏறும், எது ஏறாது என்று சொல்லவே முடியும். இன்னொன்று நம்மூர்க் காற்று. பெயிண்ட் டப்பாவில் அச்சிட்டிருக்கும் காயும் நேரம் பொதுவாக 20 முதல் 25 டிகிரி வெப்பமும் 50% ஒட்டிய ஈரப்பதமும் உள்ள அறைக்கானது. சிங்கப்பூரில் அந்தக் கணக்கு செல்லாது. இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் மிச்சத்துக்குப் பொறுமை போதும்.

தோல் எது?

கடைப்பெட்டிகள் பெரும்பாலும் எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை). பழையவையும் மலிவானவையும் சிப்போர்டு (மரச்சில்லுகளை ஒட்டி அழுத்திய பலகை). சிலவற்றில் பிளைவுட் இருக்கும். விளம்பரத்தில் 'மரப்பெட்டி' என்று போட்டிருந்தாலும் வெளியே தெரியும் மரம் ஒரு மேல்தோல்தான். அது உண்மையான மரத்தைச் சீவி எடுத்த வெனீராக இருக்கலாம், மர ரேகை அச்சடித்த வினைல் படலமாக இருக்கலாம், பலகைமேல் நேரே அடித்த பெயிண்டாகவும் இருக்கலாம்.

இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் இருக்கும் கணு அச்சு அசலாக மற்றதிலும் அதே இடத்தில் இருந்தால், அல்லது ஒரே பலகையில் சில அங்குலம் தள்ளி அதே ரேகை திரும்பி வந்தால், அது வினைல். (வலமும் இடமும் கண்ணாடிப் பிம்பமாக வருவது வேறு. அடுத்தடுத்துச் சீவிய வெனீர்களை விரித்து ஒட்டினால் அப்படி வரும். அது நல்ல பெட்டிக்கு அடையாளம்.) சந்தேகம் தீரவில்லையென்றால் அடிப்பக்கத்தில் பஞ்சில் தின்னர் தொட்டுத் தேயுங்கள். வினைல் பிசுபிசுக்கும், அச்சு நிறம் பஞ்சில் ஏறும். மரத்தின்மேல் அடித்த பழைய லாக்கர் பூச்சும் தின்னரில் கரையத்தான் செய்யும், ஆனால் அதன் கீழே மரத்தின் நுண்துளைகள் தெரியும். வூஃபரை (தாழ்ந்த ஒலி தரும் பெரிய கோன் உள்ள பகுதி) கழற்றியபின் துளையின் விளிம்பைப் பார்த்தால் மறைக்க ஏதுமிருக்காது: பலகை, அதன்மேல் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டிய மரத்தோல் என்றால் வெனீர்; நகத்தால் கீறினால் ரப்பராக உரிந்து வருவது வினைல்.

எல்லாப் பெட்டியையும் மாற்ற வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1970களில் பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ, அந்தக் காலத்து ஜேபிஎல் எல்100 போன்றவை கையில் இருந்தால் வெனீரைத் துடைத்து எண்ணெய் பூசுவதோடு நிறுத்துங்கள். அவற்றை வாங்க வருபவர்கள் அசல் தோலுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார்கள். பெயிண்ட் அடித்த அன்றே அந்தப் பணம் போய்விடும்.

கழற்றும்போது

மேஸ்கிங் டேப் ஒட்டி, டிரைவரை (வூஃபர், ட்வீட்டர் என ஒலி எழுப்பும் பகுதி) கழற்றாமலேயே அடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். டிரைவரின் விளிம்பில் பெயிண்ட் பாலம் கட்டிவிடும். பின்னால் கழற்றும்போது அது பெட்டியின் பெயிண்டையும் பிய்த்துக்கொண்டு வரும். உப்புத்தாள் தூசி கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலின் இடுக்கில் புகுந்தால் வூஃபர் கரகரக்கும், அதை எடுக்கவும் முடியாது.

பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பது) என்றால் பிளக்கை உருவி, ஒரு நாள் விட்டுவிட்டுத் தொடுங்கள். உள்ளே 230 வோல்ட் பகுதியும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டர்களும் உண்டு. ஆம்ப்ளிஃபயர் தட்டைக் கழற்றாமல் டேப்பால் மூடிவிடுவதே மேல்.

பெட்டியை மல்லாக்கக் கிடத்துங்கள். திருகுக்குச் சரியாகப் பொருந்தும் முனை வேண்டும். ஆலன் கீ என்றால் பெரும்பாலும் 2.5-லிருந்து 4 மி.மீ.க்குள் இருக்கும். திருகே கண்ணில் படவில்லையென்றால் டிரைவரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தைத் தூக்கிப் பாருங்கள். இரும்புத் திருப்புளியைக் காந்தம் சட்டென்று இழுக்கும், முனை நேரே கோனில் இறங்கும். இந்த வேலையில் ஆகும் பெரிய நஷ்டம் பெரும்பாலும் இதுதான். இடது உள்ளங்கையை எப்போதும் கோனுக்கும் திருப்புளிக்கும் நடுவில் வைத்திருங்கள். திருகெல்லாம் வந்தபின்னும் டிரைவர் அசையாவிட்டால் கேஸ்கெட் (காற்று கசியாமல் அடைக்கும் வளையம்) ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். திருப்புளியால் நெம்பினால் எம்டிஎஃப் விளிம்பு நசுங்கும். பழைய ஈஸி-லிங்க் பயண அட்டை ஒன்றை விளிம்பில் நுழைத்துச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

கம்பியை உருவுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம். முனைகள் இரண்டு அகலத்தில் இருந்தால் அகலமானது பெரும்பாலும் பாசிடிவ், ஆனாலும் படம் எடுங்கள். முனையைப் பிடித்து இழுங்கள், கம்பியை இழுக்காதீர்கள். வெளியே வந்த டிரைவரை முகம் மேலே இருக்கும்படி அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, பெயிண்ட் வாசனை போகாத வேறு அறையில் வையுங்கள். சுற்றுவளையம் ஃபோமாக இருந்தால் விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். நம் ஈரக்காற்றில் ஃபோம் தானாகவே மக்கி உதிரும். மாற்றுவதென்றால் இப்போதே மாற்றிவிடலாம்.

உள்ளிருக்கும் பஞ்சுக்குப் பெட்டியின் ஒலியில் பங்குண்டு. எது எங்கே, எவ்வளவு என்று பார்த்து, அந்தந்தப் பெட்டியின் பஞ்சைத் தனித்தனிப் பையில் போடுங்கள். கண்ணாடி இழை என்றால் கையுறையும் என்95 முகக்கவசமும் கட்டாயம். கிரில் (முன்பக்கத்தை மூடும் துணிச் சட்டம்) சொருகும் சிறு குழிகளில் காது அடைப்பான் ஃபோமைத் திணித்துவிடுங்கள். நிறுவனச் சின்னத்தை ஹேர் டிரையரால் சூடாக்கி, பல் இடுக்கில் விடும் நூலை அதன் பின்னால் அறுப்பதுபோல் இழுத்தால் வளையாமல் வரும். மிஞ்சிய பசைக்கு வீட்டில் இருக்கும் நீலகிரித் தைலமே போதும். ஆனால் அந்த எண்ணெய்ப் பசையையும் பிறகு டர்பன்டைனால் துடைத்தெடுக்க வேண்டும்.

முன்பலகையையும் பின்பலகையையும் அப்படியே கறுப்பாக விட்டுவிட்டு, பக்கங்களையும் மேலையும் கீழையும் மட்டும் மாற்றுவது நல்ல யோசனை. பல பெட்டிகள் கடையிலேயே அப்படித்தான் வருகின்றன. வேலை ஏறக்குறைய மூன்றில் இரண்டாகக் குறையும், பின்னால் இருக்கும் வரிசை எண்ணும் பிழைக்கும், டிரைவர் உட்காரும் பள்ளத்தில் பெயிண்ட் படியும் தொல்லையும் இல்லை. அந்தப் பள்ளத்துக்கும் டிரைவருக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பெட்டிகள் உண்டு. அதில் பிரைமரும் (அடிப்பூச்சு) பெயிண்டுமாக ஐந்து கோட் ஏறினால் டிரைவர் திரும்ப உள்ளே போகாது.

காற்று எப்படி இருக்கிறது?

மழையில்லாத நாளில் சிங்கப்பூரில் விடியுமுன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும், நடுப்பகலுக்குப் பின் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். ஆகவே லாக்கர், ஷெல்லாக் (அரக்குப் பூச்சு), ஸ்ப்ரே எல்லாவற்றுக்கும் நல்ல நேரம் பகல் 12 முதல் 4 வரை. டிசம்பர், ஜனவரியில் நாள் முழுக்க மழை பிடித்துக்கொண்டால் அன்று உப்புத்தாள் வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புகைமூட்ட நாளில் ஜன்னலைத் திறக்க முடியாது, திறந்தாலும் ஈரப் பெயிண்டில் தூள் உட்காரும்.

வேகமாகக் காயும் லாக்கர் ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து, படலத்துக்குள்ளேயே சிக்கி, பால் சிந்தியதுபோல் வெளுக்கும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று ஏர்கான். 31 டிகிரி வெப்பமும் 75% ஈரப்பதமும் உள்ள காற்றில் 26 டிகிரியிலேயே பனி படியத் தொடங்கும். 24 டிகிரியில் ஏர்கான் ஓடிய அறையிலிருந்து பெட்டியை நேரே பால்கனிக்குக் கொண்டுவந்தால் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் உடனே அதன்மேல் உட்காரும். அதன்மேல் அடித்த பெயிண்ட் பிறகு தகடு தகடாக உரியும், காரணமும் புரியாது. அடிக்கப்போகும் காற்றிலேயே பெட்டி இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். அடித்து, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தபின் ஏர்கான் அறைக்கோ ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடும் அறைக்கோ கொண்டுபோவது நல்லது. உலர்ந்த காற்றில் சீக்கிரம் இறுகும்.

இதே ஈரக்காற்று தண்ணீர் கலந்த (வாட்டர்-பேஸ்டு) எனாமல் பெயிண்டுக்கு ஒரு விதத்தில் உதவி. மெதுவாகக் காய்வதால் ரோலர் தடம் தானாகவே சமனாகப் படிய நேரம் கிடைக்கிறது. வீவக வீட்டில் ஸ்ப்ரேயைவிட ரோலரை நான் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மற்ற காரணங்கள் ஊரறிந்தவை. பொதுத் தாழ்வாரத்தில் ஸ்ப்ரே அடித்தால் தூள் பக்கத்து வீட்டுச் செருப்பிலும் செடியிலும் படியும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. காயும் பெட்டிகளை அங்கே பரப்பி வைக்க முடியாது. புளோக்கின் கீழ்த்தளமும் ஆகாது. ஸ்ப்ரேதான் வேண்டுமென்றால் தரைவீட்டில் இருக்கும் உறவினரின் கார் நிறுத்துமிடத்தைக் கேளுங்கள்.

வீட்டுக்குள் தின்னரோ ஸ்ப்ரேயோ திறக்குமுன் அடுப்பை மட்டும் அணைத்தால் போதாது. சாமி விளக்கு, ஊதுவத்தி, சாம்பிராணி எதுவும் எரியக் கூடாது. ஸ்ப்ரே டப்பாவைத் தள்ளும் வாயு பெரும்பாலும் எரிவாயு, காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி அடுத்த அறைக்குப் போகும். வெள்ளிக்கிழமை மாலையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

எலெக்ட்ரிக் சாண்டர் ஓட்டுவதற்கு வீவக புதுப்பிப்பு வேலைக்கு வைத்திருக்கும் நேரத்தையே கடைப்பிடித்தால் அண்டை வீட்டோடு சண்டை வராது: திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் மாலை 6 வரை.

வினைல் பெட்டி

இரண்டு வழி. வினைல் எங்கும் இறுக்கமாக ஒட்டியிருந்தால் அதை அப்படியே அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம். மூலையில் தூக்கியிருந்தால், குமிழி விட்டிருந்தால், உரித்துவிட வேண்டும்.

உரிக்காமல் அடிப்பதற்கு: பாத்திரம் கழுவும் சோப்பை மிகக் குறைந்த தண்ணீரில் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, டர்பன்டைனால் இன்னொரு முறை. நாற்காலிக்கும் மேசைக்கும் அடிக்கும் பாலிஷ் ஸ்ப்ரேயில் சிலிக்கோன் இருக்கும். அது கொஞ்சம் மிஞ்சினாலும் பெயிண்ட் அந்த இடத்தில் விலகி, மீன் கண் மாதிரி குட்டிக் குட்டி வட்டமாக நிற்கும். பிறகு 240 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்துவிட்டு, ஷெல்லாக் பிரைமர் இரண்டு மெல்லிய கோட். ஸின்ஸர் பி.ஐ.என். அந்த வகைதான். சாதாரண பிரைமர் ஏன் கூடாது என்றால், வினைலை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்ல மேலே கசிந்துகொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்தும் பெயிண்ட் பிசுபிசுவென்று இருப்பதற்கு அதுவே காரணம். ஷெல்லாக் அதை அடைத்து நிறுத்தும், வழவழப்பான பரப்பிலும் பிடிக்கும். சுமார் 20 நிமிடத்தில் தொடலாம். 45 நிமிடத்தில் அடுத்த கோட் என்று டப்பா சொன்னாலும் இங்கே ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். பிரஷ்ஷைக் கழுவ மெதிலேட்டட் ஸ்பிரிட் வேண்டும், தண்ணீரில் போகாது.

உரிப்பதென்றால் பின் விளிம்பிலிருந்து தொடங்கி, ஹேர் டிரையரால் சூடுகாட்டி, தாழ்ந்த கோணத்தில் மெதுவாக இழுங்கள். செங்குத்தாக இழுத்தால் எம்டிஎஃப்பின் மேற்பரப்பும் நாராகக் கிளம்பும். அடியில் சிப்போர்டு என்றால் தண்ணீரைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்; தேநீரில் முக்கிய பிஸ்கட்டாக ஊதிவிடும், காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. அதனால்தான் வெறும் பலகைமேல் முதல் கோட்டாகத் தண்ணீர் கலந்த எதையும் போடக் கூடாது. எம்டிஎஃப்புக்கும் அதே விதி, குறிப்பாக அறுத்த விளிம்புகளுக்கு. பரப்பு இரண்டு கோட்டில் அடங்கும், விளிம்பு நாலு கோட் குடித்துவிட்டும் சொரசொரவென்று நிற்கும். விளிம்புக்கு மட்டும் முதலில் ஷெல்லாக் பிரைமர், பிறகு மெல்லிய பட்டி (குழி நிரப்பும் புட்டி), 240 தாள், மறுபடி பிரைமர். இந்தச் சுற்றைத் தவிர்த்த பெட்டியை அறை வாசலிலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம்: பக்கங்கள் வழவழப்பாகவும் மூலைகள் துணி ஒட்டியதுபோலவும் இருக்கும்.

எவ்வளவு பெயிண்ட், எப்படி உருட்டுவது

35 × 20 × 28 செ.மீ. அளவுள்ள புத்தக அலமாரி ஸ்பீக்கர் ஒன்றின் வெளிப்பரப்பு 0.45 சதுர மீட்டர், ஜோடிக்கு 0.9. லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று வைத்தால் ஒரு கோட்டுக்கு 90 மி.லி., மூன்று கோட்டுக்கு 270. ரோலர் குடிப்பதையும் தட்டில் மிஞ்சுவதையும் சேர்த்தால் அரை லிட்டர் டப்பா தாராளம். ஒரு மீட்டர் உயரத் தரை ஸ்பீக்கர் ஜோடிக்கு 2.6 சதுர மீட்டர் வரும், ஒரு லிட்டர் வாங்குங்கள். 400 மி.லி. ஸ்ப்ரே என்றால் சின்ன ஜோடிக்கே பிரைமர் 2, நிறம் 3, கிளியர் (நிறமில்லா மேல்பூச்சு) 2 என்று டப்பாக்கள் ஏறும். விலையிலும் ரோலர்தான் ஜெயிக்கும்.

ரோலர் 4 அங்குல ஃபோம், அல்லது மிகக் குட்டையான மயிருள்ள மைக்ரோஃபைபர். புது ரோலரை மேஸ்கிங் டேப்பில் உருட்டி உதிரி நூலை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு பக்கத்தைப் பெயிண்டால் நிரப்பி, உடனே ரோலரின் எடையை மட்டும் வைத்து ஒரே திசையில் மேலிருந்து கீழ்வரை ஒரு இழுப்பு. அத்தோடு விட்டுவிட வேண்டும். பாதி காய்ந்த இடத்தில் ஒரு புள்ளி தெரிகிறதென்று மறுபடி உருட்டினால் தோல் இழுபட்டுத் தடித்து, ஆரஞ்சுப்பழத் தோலாகிவிடும். புள்ளியைக் காய்ந்தபின் 320 தாளால் எடுக்கலாம். மின்விசிறியைப் பெட்டியின்மேல் திருப்பாதீர்கள். மேல்தோல் மட்டும் காய்ந்து அடி ஈரமாகவே நிற்கும், தூசியும் கூடவே வரும். அந்தி நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு அடித்தால் ஈசல் வந்து ஒட்டும். வந்துவிட்டால் விரலால் எடுக்காமல், காய்ந்தபின் சாமணத்தால் எடுத்து அந்த இடத்தை மட்டும் தேயுங்கள்.

கோட்டுக்கு இடையில் ஒரு இரவு. டப்பா நான்கு மணி நேரம் என்று சொல்லும். உப்புத்தாளைத் தேய்க்கும்போது வெள்ளைத் தூளாக வந்தால் காய்ந்திருக்கிறது, உருண்டை உருண்டையாகச் சுருண்டால் காயவில்லை. அதற்குமேல் வேறு சோதனை தேவையில்லை. ஸ்ப்ரே எனாமலுக்குத் தனிக் கணக்கு: பலவற்றில் 'ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட், இல்லாவிட்டால் 48 மணி நேரம் கழித்து' என்று போட்டிருக்கும். நடுவில் அடித்தால் புது கோட்டின் கரைப்பான் அரைகுறையாக இறுகிய பழைய கோட்டைக் கிளப்பி, பரப்பு முழுக்கச் சுருங்கிப்போகும். அதைச் சரிசெய்ய வழி கிடையாது, வெறும் பலகைவரை தேய்க்க வேண்டியதுதான்.

பளபளப்பு என் பரிந்துரை அல்ல. பியானோ கறுப்பு என்று கடையில் காட்டுவது தடித்த பாலியெஸ்டர் கோட் பலவற்றை அடித்து இயந்திரத்தால் மெருகேற்றியது. இரண்டு டப்பா கலந்து அடிக்கும் 2கே கிளியரில் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது, வீவக வீட்டுக்குள் அதைத் திறக்கவே கூடாது. சாட்டின் அல்லது மேட் எடுங்கள். பலகையின் சின்ன அலைகளையும் பட்டியின் கோடுகளையும் அது மறைத்துவிடும். வெள்ளை நிறத்தின்மேல் எண்ணெய் பாலியூரித்தேன் கிளியர் போட்டால் மஞ்சளாகும். தண்ணீர் கலந்த அக்ரிலிக் கிளியர் போடுங்கள்.

உண்மையான வெனீர் என்றால்

இங்கே பெயிண்ட் அடிப்பது பாவம் என்றே சொல்வேன். சாயம் ஏற்றுங்கள். வெளிர் மரத்தை இருட்டாக்குவது எளிது. இருட்டை வெளிராக்குவது வீட்டு வேலை அல்ல. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த இரட்டை பிளீச் ஒன்று உண்டு, ஆனால் இவ்வளவு மெல்லிய தோலில் பசை விடும் ஆபத்து அதிகம். ஆக்ஸாலிக் அமிலம் இரும்புக் கறையையும் தண்ணீர்க் கறையையும் எடுக்கும், மரத்தின் சொந்த நிறத்தை எடுக்காது. வால்நட்டை ஓக் ஆக்க ஆசைப்பட்டால் புது வெனீர் ஒட்டுவதே நேர்வழி.

பழைய பூச்சை எடுக்கும்போது கையை அடக்க வேண்டும். முதலில் தின்னர் தொட்ட துணியால் எவ்வளவு வருமோ அவ்வளவு. மிச்சத்துக்கு 150, 180, 240 என்று தாள், ரேகையின் போக்கிலேயே, கார்க் கட்டையில் சுற்றி. பெல்ட் சாண்டர் கூடவே கூடாது. ஒரு விநாடி சாய்ந்தால் வெனீர் போய் அடிப்பலகை எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் பரப்பெங்கும் பென்சிலால் லேசாகக் கிறுக்குங்கள். கிறுக்கல் சமமாக மறைந்ததும் நிறுத்துங்கள். விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு இயந்திரமே வேண்டாம், கையால் இரண்டு மூன்று இழுப்பு போதும். தேய்ந்து வெளுத்த விளிம்பில் எந்தச் சாயமும் ஒரே மாதிரி ஏறாது. பட்டி அடைத்த இடமும் அப்படித்தான்.

தேக்கும் ரோஸ்வுட்டும் எண்ணெய் மரம். சாயத்துக்கு முன் அசிட்டோன் துணியால் துடைத்து அரை மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும், விட்டால் எண்ணெய் திரும்ப மேலே வரும். தண்ணீர்ச் சாயம் மர நாரை எழுப்பிவிடும் என்பதால், ஈரத்துணியால் முன்கூட்டியே ஒரு முறை துடைத்து, காய்ந்ததும் 320 தாளால் எழுந்த நாரை வெட்டிவிடுங்கள். அடிப்பக்கத்தில் சோதித்துப் பார்க்காமல் பக்கத்தில் தொடாதீர்கள். காய்ந்த சாயம் சாம்பல் பூத்ததுபோல் மங்கலாகத் தெரியும். அதை நம்பி இன்னொரு கோட் ஏற்றினால் கிளியர் அடித்ததும் எதிர்பார்த்ததைவிடக் கறுத்துப்போகும். சோதனை இடத்திலும் கிளியர்வரை போய்ப் பாருங்கள்.

முழுக் கறுப்பு வேண்டும், ஆனால் ரேகையும் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி: பிராஸ் பசா காம்பிளெக்ஸில் கிடைக்கும் சீன எழுத்தோவிய மை. கரித்தூள் மை என்பதால் வெயிலில் வெளுக்காது. காய்ந்தபின் தண்ணீரில் கரையாத வகையைக் கேட்டு வாங்குங்கள். மரப்பரப்பில் துணியால் தேய்த்து, மிகுந்ததை உடனே துடைத்து, காய்ந்ததும் இன்னொரு முறை. ஓக், ஆஷ் போன்ற திறந்த துளை மரத்தில் துளைக்குள் மை இறங்காமல் வெள்ளைப் புள்ளி நிற்கும். பழைய பல்துலக்கியால் ரேகையின் குறுக்கே தேய்த்தால் இறங்கும். அதன்மேல் தண்ணீர் கலந்த கிளியரை நேரே பூசினால் மை கலங்கி இழுக்கக்கூடும். நடுவில் மெல்லிய ஷெல்லாக் ஒரு கோட் போட்டுப் பூட்டிவிடுங்கள்.

சாயம் வேண்டாம், மங்கிய மரம் உயிர்பெற்றால் போதும் என்றால் டேனிஷ் ஆயில் என்ற மர எண்ணெய். தாராளமாகப் பூசி, 15 நிமிடம் விட்டு, ஒரு சொட்டு ஈரமில்லாமல் துடையுங்கள். நாளுக்கு ஒரு கோட்டாக மூன்று. துடைத்த துணிதான் ஆபத்து. இந்த எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு கிளம்பும். கசக்கிப் போட்ட துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். குப்பை வீசும் குழாயில் எறிந்தால் தீ பிடிப்பது கீழே புளோக் முழுக்கச் சேர்ந்த குப்பையில். தண்ணீர் நிரப்பிய பழைய மைலோ டின்னில் முக்கி மூடி வையுங்கள், அல்லது பால்கனியில் ஒற்றையாக விரித்து விறைப்பாகக் காயவிட்டபின் எறியுங்கள். மிஞ்சிய தின்னரையும் கழிவுநீர்க் குழாயில் ஊற்றாதீர்கள்.

திரும்பப் பூட்டுதல்

தொட்டால் ஒட்டவில்லை என்பதும் இறுகிவிட்டது என்பதும் வேறு வேறு. தண்ணீர் கலந்த எனாமல் முழுதாக இறுக இங்கே மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் ரப்பர் பாதம் ஒட்டினால் அது பெயிண்டில் பதிந்து, எடுக்கும்போது தோலோடு வரும். புளூ-டாக் என்ற ஒட்டுக்களியும் அப்படியே. அவசரமாகப் பாட்டு கேட்க வேண்டுமென்றால் பேக்கிங் பேப்பர் துண்டைக் கீழே போட்டு வையுங்கள்.

மேஸ்கிங் டேப்பைப் பெயிண்ட் முழுதாக இறுகுமுன், கோட்டோரம் கட்டர் கத்தியால் மெல்லக் கீறிவிட்டு உரியுங்கள். உள்ளே விழுந்த தூளை வெக்கும் கிளீனரால் எடுத்தபின் பஞ்சு பழைய இடத்துக்குப் போகட்டும். பெட்டியில் காற்று போய்வரும் குழாய் இருந்தால் அதன் வாயை அடைக்காமல் பாருங்கள். கேஸ்கெட் கிழிந்திருந்தால் ஜன்னலுக்கு ஒட்டும் மெல்லிய மூடிய-துளை ஃபோம் டேப் போதும். சிலிக்கோன் வேண்டாம், அடுத்த முறை கழற்ற முடியாது.

திருகைப் போடும்போது முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள், பழைய மரையில் 'டக்' என்று விழும். அங்கிருந்து வலப்பக்கம். நேரே முறுக்கினால் எம்டிஎஃப்பில் புது மரை வெட்டி இரண்டும் கெடும். ஏற்கெனவே கெட்ட ஓட்டையில் மரப்பசை தொட்ட சாத்தே குச்சித் துண்டைத் திணித்து, காய்ந்ததும் வெட்டி, 2 மி.மீ. ட்ரில்லால் வழி போட்டுத் திருகுங்கள். எதிரெதிர்த் திருகாக, கையால், டிரைவர் அசையாத அளவுக்கு மட்டும். மின் திருப்புளி வேண்டாம்.

கம்பி மாறியதோ என்று சந்தேகம் வந்தால் வூஃபருக்கு மட்டும், ஸ்பீக்கரின் வெளி முனையில், 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். சிவப்பில் பாசிடிவ் வைத்தால் பெரும்பாலான நிறுவனங்களின் கோன் வெளியே வரும். பழைய ஜேபிஎல்லில் உள்ளே போகும். இரண்டு பெட்டியும் ஒரே திசையில் அசைந்தால் சரி. அடுத்து, காற்றுக் குழாய் இல்லாத மூடிய பெட்டி என்றால் வூஃபரை விரல்களால் சமமாக மெல்ல அழுத்தி விடுங்கள். சோம்பலாகத் திரும்பினால் காற்று கசியவில்லை. படக்கென்று திரும்பினால் ஏதோ ஒரு கேஸ்கெட் உட்காரவில்லை. நிறம் மாறியதால் ஒலி மாறாது. மாறியதாகக் கேட்டால் இந்தக் கசிவையோ பஞ்சையோ கம்பியையோதான் தேட வேண்டும்.

கிரில் துணியின்மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள், துணியின் துளைகள் அடைபட்டு ட்வீட்டரின் (உயர்ந்த ஒலி தரும் சிறு டிரைவர்) ஒலி மங்கும். அரபு ஸ்திரீட் துணிக்கடைகளில் இழுபடும் மெல்லிய பாலியெஸ்டர் நிட் கிடைக்கும். வாயருகே பிடித்து ஊதினால் மூச்சு தடையின்றிப் போக வேண்டும், அதுதான் தேர்வு. சட்டத்தில் நான்கு பக்க நடுவிலிருந்து தொடங்கி மூலைக்கு இழுத்து ஸ்டேப்பிள் அடியுங்கள்.

மீந்த பெயிண்டைப் பெரிய டப்பாவிலேயே விட்டால் உள்ளிருக்கும் காற்றில் தோல் கட்டிவிடும். ஊறுகாய் போத்தல் அளவில் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலில் விளிம்புவரை நிரப்பி, நிறத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டி வையுங்கள். வெக்கும் கிளீனர் முதலில் இடிக்கப்போவது தரை ஸ்பீக்கரின் கீழ் மூலையைத்தான்.